சாவா மூவாப் பேராடு

திருநாவலூர்ப் பக்தஜனேஸ்வரர் கோயில் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது விளக்கு. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு தங்கியிருந்தான். அவனோடு வந்தவர்கள் கல்வெட்டுகளில் திருத்தொண்டீச்சரம் என்று எழுதப்பட்ட இந்தக் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தார்கள். மலைநாட்டுப் படைவீரர்கள் வைத்தார்கள். ராஜாதித்தனின் தாய் கோக்கிழானடிகளுக்குப் பணி செய்த பெண் ஒருத்தியும் வைத்தாள். 949-ல் தக்கோலப் போரில் ராஜாதித்தன் யானைமேலேயே மாண்டான். அதன்பிறகு அந்தப் படைக்கு இங்கே வேலையில்லை. ஆனால் அவர்கள் வைத்த விளக்கு அவர்களை நம்பி எரியவில்லை.

அந்தக் காலத்தில் விளக்கு வைப்பவர் எண்ணெய்க் குடத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவதில்லை. தொண்ணூறோ நூறோ ஆடுகளைக் கொடுப்பார். இடையர் ஒருவர் அவற்றை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளப்பார். கிழடு தட்டி ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், மந்தையின் கணக்கு குறையாது. அதனால்தான் கல்வெட்டு எழுதியவர்கள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். கொடுத்தவர் ஊரைவிட்டுப் போகலாம், போரில் சாகலாம். உழக்கு நெய் மட்டும் மறுநாள் காலையில் கோயிலுக்கு வந்தாக வேண்டும்.

திருநாவலூர் ஒன்றியத்துப் பள்ளிகளில் படித்து, அதே ஒன்றியத்தில் டீச்சராக வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் படித்தவர்கள் இன்று சென்னையில், பெங்களூரில், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். கோயம்பேட்டில் மூட்டை இறக்குகிறவர் உண்டு, மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறவர் உண்டு. பொங்கலுக்கு வரும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நம்ம ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும் டீச்சர், என்ன செய்யலாம்?" மனதார வரும் கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் எனக்கு அந்த ஆட்டுக் கணக்குதான் நினைவுக்கு வரும். நம் பக்கத்தில் படிப்புக்குக் கொடுத்தவர்களின் கதை நெடியது, அந்தக் கதையிலேயே பதிலும் இருக்கிறது.

இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த முதல் கதை சுந்தரருடையது. சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த பிள்ளை தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அந்த வழியாக வந்த சிற்றரசர் நரசிங்க முனையரையர் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோரிடம் கேட்டு வாங்கித் தம் மகனாகவே வளர்த்தார் என்கிறது பெரியபுராணம். ஆடிச் சுவாதி குருபூஜையில் ஆண்டுதோறும் இதைச் சொல்கிறோம். சொல்லிவிட்டு அடுத்த கட்டமான திருவெண்ணெய்நல்லூர் ஓலைக்குப் போய்விடுகிறோம். நான் முனையரையரிடமே நின்றுவிடுவேன். அவர் அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் பரிசு கொடுத்துவிட்டுப் போகவில்லை. வேதம் ஓதி, கலைகள் கற்று, மணப்பருவம் எய்தும் வரை பொறுப்பேற்றார்.

கல்லில் எழுதிய கணக்கு வேண்டுமென்றால் விக்கிரவாண்டி வட்டத்து எண்ணாயிரத்துக்குப் போக வேண்டும். முதலாம் ராஜேந்திரன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், அங்கே ஒரு கல்லூரி நடந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். வேதங்களோடு ரூபாவதாரம் என்ற இலக்கண நூலும் படித்த இளையவர்கள் 270 பேர். வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் படித்த மூத்தவர்கள் 70 பேர். இதற்காக ஒதுக்கிய நிலம் 45 வேலி. அந்த நிலத்து நெல்லில் இளைய மாணவனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி, மூத்தவனுக்கு 1 குறுணி 2 நாழி. எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பிரித்து வெட்டியிருக்கிறார்கள். கட்டடத்தைப் பற்றி அல்ல, பிள்ளையின் அன்றாடச் சோற்றைப் பற்றித்தான் அந்தக் கல்வெட்டு அத்தனை கவலைப்படுகிறது. பக்கத்தில் புதுச்சேரித் திருபுவனையிலும் 1048-ஐ ஒட்டி இதேபோல் 260 மாணவர்களுக்கு 72 வேலி நிலம் விட்டிருந்தார்கள்.

அங்கே படித்தவர்கள் எல்லாரும் அந்தணர் வீட்டுப் பையன்கள். நிலத்தில் நெல் விளைவித்தவர்களின் பிள்ளைக்கு அந்த 6 நாழி இல்லை. எந்தச் சாதியானாலும் பெண்பிள்ளைக்கு இல்லவே இல்லை. அந்தக் கல்வெட்டைப் படிக்கும்போதெல்லாம் இது எனக்கு வலிக்கும். ஏற்பாட்டின் நேர்த்தியை எடுத்துக்கொள்கிறேன், அதன் வாசல் யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுவேன்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துக் காலத்தில் வாசல் கொஞ்சம் அகலமானது. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் ஒவ்வொரு ஜில்லா கலெக்டரிடமும் பள்ளிக்கணக்குக் கேட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதற்கும் 12,498 பள்ளிகள். நம் தென்னாற்காட்டில் மட்டும் 875. நம் ஜில்லாவில் படித்த பிள்ளைகளில் 100-க்கு 84 பேருக்கு மேல் கலெக்டர்கள் சூத்திரர் என்றும் பிற சாதியினர் என்றும் எழுதிய உழுகுடி, தொழிற்குடி வீட்டுப் பிள்ளைகள். சேரிப் பிள்ளைகளும் பெண்களும் இன்னும் பெரும்பாலும் வெளியேதான்.

அந்தப் பள்ளிகளுக்கு அரசாங்கப் பணம் கிடையாது. வாத்தியாருக்கு மாதச் சம்பளமாக ஏதோ காசு, விடுமுறை நாளில் வாவுக்காசு, அறுப்பில் நெல். நவராத்திரியில் பிள்ளைகளை வீடு வீடாக அழைத்துப்போய்ப் பாட்டுப் பாடி, கோலாட்டம் அடித்து வாங்கிவரும் மானம்பூ வரும்படி. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் இந்த மானம்பூக் கொண்டாட்டத்தை எழுதியிருக்கிறார். எங்கள் தாத்தாவும் திண்ணையில் படித்தவர்தான். தமக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த வாத்தியார் வீட்டுக்குத் தாம் சாகும் வரை ஒவ்வொரு தையிலும் ஒரு கலம் நெல் அனுப்பினார் என்று அப்பா சொல்லுவார். அந்த வீட்டுத் திண்ணையில் அப்போது வேறு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவுக்கு அவர்கள் யாரென்றுகூடத் தெரியாது.

வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்காக நம் ஜில்லாவில் ஒரு பெரிய மனிதர் கையேந்தினார். ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் 1890-ல் பிறந்த சுவாமி சகஜானந்தர். ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்காக அவர் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். கொடுக்கத் தகுந்தவர்களிடம் போய்க் கேட்டுக் கேட்டு அதை வளர்த்தார். பழைய மாணவர் சங்கம் என்று பேசுகிறவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். பழைய மாணவர்களே இல்லாத சமூகத்துக்கு முதல் பள்ளியை யாரோ ஒருவர் இப்படித்தான் கட்டிக்கொடுத்தார்.

பிறகு ஜில்லா போர்டு ஸ்கூல் வந்தது. 1960-களில் தொடக்கப்பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கைக்கு வந்தன. பள்ளி சர்க்காருடையது ஆனபிறகும் ஊர் கொடுப்பதை நிறுத்தவில்லை. சொல்லப்போனால் ஊர் அதிகமாகக் கொடுத்தது அப்போதுதான். காமராஜர் முதலமைச்சர், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். 1956-ல் எட்டயபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியபோது அது ஊராரின் கொடைதான். 1957 நவம்பரிலிருந்து அரசு பங்கு கொடுத்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்கு வைத்து, 6 காசு அரசு, 4 காசு ஊர். 1958-ல் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து மாகாணமெங்கும் மாநாடுகள். பெஞ்சு, கடிகாரம், பூகோளப் படம், சீருடைத் துணி, கட்டட நிலம் என்று ஊர் ஊராகப் பட்டியல் போட்டு ஏற்றுக்கொண்டார்கள்.

நான் உட்கார்ந்து படித்த பெஞ்சு அப்படி வந்ததுதான். பூவரசம் பலகை, கனமான கால்கள், ஓரத்தில் நீலப் பெயின்டில் கொடுத்தவர் பெயரும் உபயம் என்ற சொல்லும். நாங்கள் உட்காரும்போதே அதற்கு இருபது வயது. அது அத்தனை நாள் நின்றதற்குக் காரணம் பலகை மட்டுமல்ல. சித்திரை விடுமுறையில் ஊர் ஆசாரி உளியும் இழைப்புளியுமாக வந்து உட்காருவார். ஆடும் காலுக்கு ஆப்பு அடிப்பார், சிலாம்பு எழும்பிய இடத்தை இழைப்பார், பாவாடை கிழிக்கும் ஆணியைப் பிடுங்குவார். அதற்கு அவருக்குக் களத்தில் நெல். பெஞ்சு கொடுத்த குடும்பமே அந்த நெல்லையும் அளந்தது. பெஞ்சைக் கொடுத்ததோடு கை கழுவிக்கொள்ளவில்லை.

பிறகு ஊர் இந்தப் பொறுப்பிலிருந்து ஏன் பின்வாங்கியது? யார்மேலும் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. 1961-ல் கேர் நிறுவனத்தின் பால் பவுடரும் எண்ணெயும் வந்தன. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. புத்தகம், சீருடை, பஸ் பாஸ், சைக்கிள், 2022-ல் காலை உணவு என்று அரசே முழுப்பொறுப்பையும் ஏற்றது. நல்ல காரியம். பசித்த பிள்ளை ஊர்ப் பெரியவரின் மனநிலையை நம்பியிருக்க வேண்டியதில்லை. தலித் பிள்ளைக்கும் இருளர் பிள்ளைக்கும் அது கொடை இல்லை, உரிமை என்று ஆனது. ஒரு டீச்சராக நான் அதற்கு நன்றியோடு இருக்கிறேன். ஆனால் வசதியானவர்கள் தங்கள் பிள்ளைகளை உளுந்தூர்பேட்டைக்கும் பண்ருட்டிக்கும் வேனில் ஏற்றி அனுப்பத் தொடங்கியபோது, ஆசாரிக்கு நெல் அளந்த கையும் அவர்களோடு போய்விட்டது.

இப்போது அந்தக் கை திரும்பி வருகிறது, பழைய மாணவர்களின் உருவில். வாட்ஸ்அப் குழு அமைக்கிறார்கள். ரீயூனியன் வைக்கிறார்கள். டீச்சர்களுக்குச் சால்வை போர்த்துகிறார்கள். 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் தொடங்கியபிறகு, வெளிநாட்டிலிருந்தும் தான் படித்த பள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பணம் அனுப்ப முடிகிறது. பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2024-ல் மாற்றியமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் உறுப்பினர் இடம் வந்தது. இப்படி ஒரு வாய்ப்பு என் சர்வீஸ் காலம் முழுவதும் இருந்ததில்லை.

என் கவலை ஒன்றுதான். கொடுப்பதெல்லாம் ஒருநாள் கொடையாக இருக்கிறது. நுழைவு வளைவு, கலையரங்கம், சுவர் ஓவியம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்குப் பழைய மாணவர்கள் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கி வைத்தார்கள். ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, பிள்ளைகளுக்கு லட்டு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஃபில்டர் மாற்ற வேண்டி வந்தது. அந்தச் செலவு எந்தத் தலைப்பிலும் அடங்கவில்லை. நானும் இன்னொரு டீச்சரும் ஒருமுறை கைக்காசு போட்டோம். அதற்கடுத்த முறை மெஷின் நின்றது. பிள்ளைகள் பழையபடி தொட்டிக் குழாய்க்குப் போனார்கள். கொடுத்தவர்கள் நல்லவர்கள். இடையரை ஏற்பாடு செய்ய மறந்துவிட்டார்கள்.

ஆகவே கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இது. பொருளாகக் கொடுத்தால் அதன் பராமரிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். பணமாகக் கொடுத்தால் செலவழித்துவிடாதீர்கள், வைப்பில் போடுங்கள். நூறு பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டால் ஒரு லட்சம். ஆறரை சதவீத வட்டி என்றாலும் ஆண்டுக்கு 6,500 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் ஃபில்டருக்கும், ஆய்வகத்துக் கண்ணாடிச் சாமான்களுக்கும், கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாளுக்கும் யாரிடமும் கையேந்தாமல் தலைமையாசிரியர் எடுக்கக்கூடிய தொகை. ஒரு பள்ளி நடப்பது இந்தச் சில்லறைகளில்தான்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். எழுபதுகளில் முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு என்று 500 ரூபாய் வைப்பு வைத்துப் போனவர்கள் உண்டு. அன்று அந்த வட்டியில் ஒரு நல்ல அகராதி வாங்கலாம். இன்று ஒரு குயர் நோட்டு வாங்கலாம். ஆடு குட்டி போடும், குட்டியும் ஆடாகும், உழக்கு நெய் அன்றும் இன்றும் உழக்குதான். ரூபாய் அப்படி இல்லை. அதனால் ஒருமுறை வைப்பு வைத்தால் போதாது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியேறும் ஒவ்வொரு செட்டும், வேலைக்குப் போன பிறகு, அதில் தன் பங்கைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்களை இதற்காகவே நான் மதிக்கிறேன். போரில் சிதறிப்போனவர்கள் லண்டனிலும் டொராண்டோவிலும் கிளை வைத்து, ஆண்டுச் சந்தா கட்டித் தங்கள் பள்ளியைத் தாங்குகிறார்கள். ஊருக்குத் திரும்ப முடியாதவர்களும் அந்தச் சந்தாவை நிறுத்தவில்லை.

பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டால், அவர்களால்தான் அதிகம் முடியும் என்பேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் இப்போது சொந்தமாக டாட்டா ஏஸ் ஓட்டுகிறான். ஒரு மே மாதம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "டீச்சர், என்னால காசு தர முடியாது. வண்டி இருக்குது. பிள்ளைங்களுக்கு எங்கனா போகணும்னா சொல்லுங்க." எங்கே போக வேண்டும் என்பது எனக்கு உடனே தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பிள்ளைகளுக்கு வேண்டியது சான்றிதழ்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று. குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கப் போகிறவருக்கு முதல் பட்டதாரிச் சான்று. அது இருந்தால் தொழிற்கல்லூரியில் கல்விக் கட்டணச் சலுகை. இல்லையென்றால் சீட்டு கிடைத்தும் சேர முடியாது. அப்பா கரும்பு வெட்டப் போயிருப்பார், அம்மா நூறு நாள் வேலையில் இருப்பார். இ-சேவை மையத்தில் எதைக் கொடுப்பது, எங்கே கையெழுத்து வாங்குவது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

அந்த மாதம் அவன் வண்டியில் பிள்ளைகளும் தாய்மார்களும் உளுந்தூர்பேட்டைக்குப் போய் வந்தார்கள். அவனோடு படித்த ஒரு பெண், பட்டதாரி, விண்ணப்பங்களைச் சரிபார்த்தாள். அந்தக் கூட்டத்தில் ஓர் இருளர் வீட்டுப் பெண்ணும் இருந்தாள். நம் மாவட்டத்தில் இருளர் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று வாங்குவது எத்தனை அலைச்சல் என்பது பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குச் சான்று வரும் வரை அவன் வண்டியை நிறுத்தவில்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் அரசு கொடுக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் இருக்கிறது. அந்த வாசல் வரை கையைப் பிடித்து அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும். பழைய மாணவரைவிட அதற்குத் தோதான ஆள் யார்?

இதைச் சமவெளியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இதே மாவட்டத்தில் கல்வராயன் மலை இருக்கிறது. ஜாகிர்தார்களின் பிடி 1976 வரை இருந்த மலை அது. அங்கே உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதலாவதாக எழுத்தைத் தொட்டவர்கள். அவர்களுக்கு முன்னால் படித்துப் போய் நல்ல வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள் மிகக் குறைவு. சீனியர் என்று கைகாட்ட ஆள் இல்லாத பள்ளியில், அடுத்து என்ன படிக்கலாம் என்ற கேள்விக்கே பதில் கிடைப்பதில்லை. திருநாவலூரிலும் உளுந்தூர்பேட்டையிலும் படித்து மேலே வந்தவர்கள் அந்தப் பள்ளிகளுக்கும் பழைய மாணவர்களாக வேண்டும். நர்ஸ் ஆனவர் நர்ஸிங் பற்றிச் சொல்லட்டும், ஐ.டி.ஐ. படித்து ஓசூரில் வேலை பார்க்கிறவர் ஐ.டி.ஐ. பற்றிச் சொல்லட்டும். ஆண்டுக்கு ஒரு நாள் போனால் போதும், ஆனால் எல்லா ஆண்டும் போக வேண்டும். ஒருமுறை வந்து ஆசைகாட்டிவிட்டு மறைந்தவர்களை அந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

கூடுவதற்குப் பொங்கலைவிட ஆடிச் சுவாதி நல்லது என்று எங்கள் செட்டுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது பள்ளி திறந்திருக்கும், பிள்ளைகளை நேரில் பார்க்கலாம். குருபூஜைக்கு வெளியூர்க்காரர்களும் எப்படியும் வருவார்கள். காலையில் கோயில், மதியம் பள்ளி. மேலாண்மைக் குழுவில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் அன்று கணக்கு வாசிக்கட்டும். வைப்பில் எவ்வளவு சேர்ந்தது, வட்டி எதற்குப் போனது, எத்தனை பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வாங்கினோம், யார் இன்னும் கல்லூரியில் சேராமல் இருக்கிறார்கள். கலைக் கல்லூரிகளில் காலியிடம் இருந்தால் ஆகஸ்டிலும் கேட்டுப் பார்க்கலாம். பெயரைக் கொடுத்தால் நான் வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன். வண்டிக்கு ஆள் இருக்கிறது.